பொம்மைக்கு வயிறு கட்டிய ஞானகுமாரி அம்மையாருக்கு

அம்பத்தூர் மங்களம் ரெடிமேட் ஜவுளிக் கடையின் பெண்கள் பிரிவைப் பத்தொன்பது ஆண்டுகள் பேணி வளர்த்த பெருந்தகையே! புன்னகை பூத்த முகமும் பொய் கலவாத சொல்லும் பூண்ட பொன்மனத்தாரே! நாளெல்லாம் நின்று கால் வீங்கினாலும், நாடி வந்தவரை நல்ல குரலில் "வாம்மா" என்று அழைத்த நங்கையே! பணி நிறைவு பெறும் உங்களுக்குக் கடைச் சிப்பந்திகள் அனைவரும் கைகூப்பிச் சொல்லும் வணக்கம்!

மடல் எழுதப் படித்தவர்கள் வேண்டும். விற்பனையாளர் பால்ராஜோ, "பரண்லேர்ந்து எல்லாத்தையும் பாத்தவன் நீதான், நீயே எழுது" என்று மூட்டை இறக்குகிற என் கையில் பேனாவைத் திணித்துவிட்டார். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன், பிழை பொறுத்தருளுங்கள்.

மறக்க முடியுமா அம்மா, அந்த 1966 தீபாவளியை! பருமனான பெண் படியேறினால் அளவைக் கூவிச் சொல்வது அப்போது நம் கடை வழக்கம். "மேல! பீப்பா சைஸ் ரவிக்க ஒண்ணு எறக்கு!" என்பார் பால்ராஜ். கடையே திரும்பிப் பார்க்கும். சிறிய அளவெல்லாம் முன்வரிசையில் சிரிக்க, பெரிய அளவெல்லாம் பரணில் புழுதி குடிக்கும். மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை எடுக்க வானகரத்திலிருந்து வந்த குப்பம்மா, அந்தக் கூவலையும் கூட்டத்தின் சிரிப்பையும் கேட்டு அப்படியே நின்றார்.

"இன்னா கூவறே நைனா? துணி எடுக்க வந்தேன், கூத்து காட்ட வர்ல" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார். அன்று மதியச் சோறு உங்களுக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலை, கடை முகப்புக் கண்ணாடிக்குள் நின்ற பொம்மையைக் கண்டு கடையே வாய் பிளந்தது! கொடியிடை கொண்ட அந்தப் பொம்மைக்குப் பஞ்சும் பழந்துணியும் வைத்து வயிறு கட்டி, பரணில் கிடந்த பெரிய ரவிக்கையைப் போட்டு, மாம்பழ நிறச் சேலை உடுத்தி நிறுத்தியிருந்தீர்கள்.

முதலாளி கோவிந்தராஜ் கொதித்தார். "இன்னாம்மா இது? பொம்மைக்கு எத்தினி மாசம்?"

"மாசமெல்லாம் இல்ல மொதலாளி. கடைக்கு வர்றவங்க இப்பிடித்தான் கீறாங்க."

"சாயங்காலத்துக்குள்ள அவுக்கணும். இல்லாட்டி வேற வேல பாத்துக்க."

"வேலய எடுத்துக்குங்க. பொம்ம வயித்துல மட்டும் கை வெக்காதீங்க."

கணவரை இழந்து, இரு பிள்ளைகளைத் தனியே வளர்த்துக்கொண்டிருந்த காலம். வேலை போனால் அடுப்பு எரியாது என்று அறிந்தும் சொன்னீர்களே, அந்தத் துணிவை எந்த முழக்கோலால் அளப்போம்!

உச்சி வேளையில் ஆவடி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் கண்ணாடி முன் நின்றார்கள்.

"ஏ யக்கா! இங்க பாரு, உன்னாட்டமே ஒருத்தி நிக்கறா!"

"உன்னாட்டமுந்தாண்டி. வா உள்ள!"

சிரித்தபடி படியேறினார்கள். பின்னாலேயே இன்னும் பலர். பரண் மூட்டைகள் இறக்க இறக்கத் தீர்ந்தன. என் தோள் கழன்றது. அவ்வளவு இனிய வலியை அதற்குமுன் நான் அறியேன்! விளக்கு வைக்கும் வேளையில் முதலாளி பொம்மையருகே போனார். அவிழ்க்கத்தான் போகிறார் என்று நினைத்தோம். நழுவியிருந்த முந்தானையைச் சரிசெய்து, "நாளைக்கு வேற கலர் கட்டு" என்றார்.

பால்ராஜே வானகரம் போய்க் குப்பம்மாவைக் கும்பிட்டு அழைத்து வந்தார். கூவல் ஒழிந்தது. பெரியதும் சிறியதும் ஒரே வரிசையில் அமர்ந்தன. எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் நீட்டிய வேலை, மேலும் பத்தரை ஆண்டு உங்களிடமே இருந்தது!

குறை ஒன்றும் சொல்லத்தான் வேண்டும்: தேநீர் வேளையில் நீங்கள் பாடும் மாதா கோவில் பாட்டுக்குச் சுதி என்பதே கிடையாது. நாளை முதல் அதுவும் இல்லையே என்பதுதான் எங்கள் கவலை.

நலமும் வளமும் நிழல்போல் தொடர, பேரப்பிள்ளைகள் சூழ, நோயின்றி நூறாண்டு வாழ்க! பெண்கள் பிரிவுத் தோழியர் தைத்த பட்டு ரவிக்கை மேசைமேல் இருக்கிறது. குத்துமதிப்பாகத்தான் வெட்டினார்களாம். இறுக்கிப் பிடித்தால் குற்றம் ரவிக்கையின் மேல்தான். பிரித்து, அதற்குப் புத்தி சொல்லி, மறுபடி தைத்துத் தருகிறோம்!

இங்ஙனம்,
உங்கள் அன்பு மறவாத கடைச் சிப்பந்திகள்

எழுதியவன்: அய்யாசாமி, மூட்டைப் பிரிவு
அம்பத்தூர், 30-4-1977