பானட்டைத் தட்டிய கை

மேடையில் வீற்றிருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, ஓட்டுநர், நடத்துநர், பட்டறைத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணியாரே, உறவினர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். பேருந்து ஓட்டுகிறவன் நான், மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இன்று பேசாமல் போனால் என் மனம் ஆறாது.

நம் தலைமை மெக்கானிக், நம் 'தட்டல் அண்ணன்' போய்விட்டார். அந்தப் பெயர் வந்த கதை இங்கே யாருக்குத் தெரியாது? உறவினர்களுக்காகச் சொல்கிறேன். ராத்திரி வந்து நிற்கும் வண்டியின் எஞ்சினில் சூடு இருக்கும். அந்தக் கதகதப்புக்கு அணில் வரும், ஓணான் வரும், பாம்பும் வரும். காலையில் சாவியைத் திருப்பினால் அவற்றின் கதி என்ன? அதனால் அண்ணன் ஒவ்வொரு வண்டியாகப் போய், எஞ்சினை மூடியிருக்கும் பானட்டைத் தட்டுவார். "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பிறகு, "யாரும் இல்ல, போலாம்" என்பார். புதிதாக வந்தவர்கள் அவருக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தார்கள். நானும்தான்!

ஒருநாள் அப்படித் தட்டியதும் ஆள் நீளத்துக்கு ஒரு சாரைப்பாம்பு இறங்கி வேலியோரம் போனது. நம் டிக்கெட் பரிசோதகர் பக்கத்து வண்டியின் கூரைமேல் ஏறிவிட்டார். அண்ணன் கீழே நின்று, "சார், அது எப்பவோ போயிடுச்சு. இப்ப உங்களத்தான் இறக்கணும்" என்றார். அதோ, பரிசோதகர் இப்போதும் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, அண்ணனுக்கு அதுதான் பிடிக்கும்.

உதிரிபாகத்துக்காக நின்றிருந்த ஒரு வண்டியில் அணில் கூடு கட்டிவிட்டது. பாகம் வந்து சேர்ந்தும் வண்டி வெளியே வரவில்லை. மேலாளர் கோபமாக வந்து, "என்னய்யா, ஏன் இன்னும் கிளம்பல?" என்றார். அண்ணன் குரலைத் தாழ்த்தி, "உள்ள பிரசவம் ஆயிருக்குங்க ஐயா" என்றார். மேலாளர் எட்டிப் பார்த்தார். சத்தம் போடாமல் வேறு வண்டியை அனுப்பச் சொன்னார். மேலாளர் அவர்களே, அந்த நல்ல மனசுக்கு அண்ணன் சார்பில் இன்று நான் நன்றி சொல்கிறேன்.

அண்ணனுக்குக் கடைசியில் ஒரே கவலைதான். புதிய பேருந்துகள் வரப்போகின்றன. அவற்றில் எஞ்சின் பின்பக்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "சீட்ல உக்காந்து பட்டனை அமுக்கினா போதுமாமே. இறங்கிப் பின்னால சுத்திப் போயி எவன்டா தட்டுவான்?" நான் அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணன் உடலை எடுத்துப் போக வண்டி வந்தது. நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டு நின்றோம். ஓட்டுநர் வெளியாள், சாவியைத் திருப்பப் போனார். அண்ணியார் கையைக் காட்டி, "தம்பி, ஒரு நிமிஷம்" என்றார். முன்னால் போய்ப் பானட்டைத் தட்டினார். "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "யாரும் இல்ல, போலாம்" என்றார்.

அந்தத் துக்கத்திலும் அவருக்கு மறக்கவில்லையே! வேலை பார்க்கும் நமக்கு மறக்கலாமா?

தோழர்களே, புதிய பேருந்துகள் வரட்டும். ஆஸ்பத்திரியில் அண்ணன் கேட்ட கேள்விக்கு அன்று பதில் சொல்லாத நான், இந்தச் சபை அறியச் சொல்கிறேன்: நான் போவேன் அண்ணே. இறங்கி, பின்னால் சுற்றிப் போய்த் தட்டுவேன். என்னோடு வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்.

எல்லோருமா? உட்காருங்கள், உட்காருங்கள். அண்ணியாரே, திரும்பிப் பாருங்கள். இத்தனை பேர் இருக்கிறோம்.