பறந்து வந்த சூரை

போர்ட் பிளேரில், சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கும் வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"பச்சை மீன் தின்ன நல்ல இடம் எதுன்னு கேக்கறான்டி, சென்னையிலேருந்து வந்த என் நாத்தனார் மகன்," என்றாள் மூத்தவள்.

"வேகவைக்காமலா அக்கா?"

"சுஷியாம். சோத்து உருண்டை மேல ஒரு துண்டு சூரை மீன். தேடிப் பிடிச்சுப் பெரிய ஹோட்டலுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனான். ருசியில கண்ணை மூடிக்கிட்டான். நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் முழுங்கினேன்."

"மீனாவது ஃப்ரெஷ்ஷா?"

"காலை ஃப்ளைட்டுல சென்னையிலேருந்து வந்ததுன்னு சர்வருக்கு ஒரே பெருமை. சென்னைக்கு எங்கேருந்துப்பா போச்சுன்னேன். 'இதர் சே ஹி, ஆன்ட்டி'ங்கறான். இங்கேருந்துதானாம்!"

"அரே! உங்க வீட்டுக்காரரு பிடிச்ச சூரையாக்கூட இருக்கும் அக்கா."

"இருக்கும். அது போக வர ரெண்டு தடவை ஃப்ளைட்டு ஏறிடுச்சு. பிடிச்ச மனுஷனுக்குச் சென்னையில கண் ஆபரேஷன். நாலு நாளா நான் கப்பல் டிக்கெட்டுக்கு நிக்கிறேன்."

கவுன்ட்டரில் டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று ஜன்னலைச் சாத்தினார்கள். வரிசை கலைந்தது. மூத்தவள் மட்டும் நகரவில்லை.

"எங்க வீட்டுக்காரரையும் ஐஸ் பெட்டியில வச்சுக் கொண்டுபோனா, உடனே ஏத்திக்குவானுங்க," என்றாள்.