சிரட்டைக் கைவினைப் பொருட்கள்

இந்த வாக்குமூலத்தில் என் பெயரில் ஒரு சின்ன எழுத்துப் பிழை இருக்கிறது, சார். ‘ஞானசிகாமனி’ என்று அடித்திருக்கிறீர்கள். மூன்றுசுழி ‘ண’ வரவேண்டும். துறைமுகத்திலிருந்து பாறசாலை வரை வந்த களைப்பில் விழுந்திருக்கும், பரவாயில்லை. அதைத் திருத்தும்போது மூன்றாவது வரியையும் பார்த்துவிடுங்கள். ‘சரக்கு அறிக்கையைப் பிரசீதா நிரப்பினார்’ என்று இருக்கிறது. அதுவும் பிழைதான். நான் கையெழுத்துப் போடுகிற தாளில் பிழை இருந்து பழக்கமில்லை.

இருபத்தேழு வருஷமாக இந்த ஏற்றுமதி அலுவலகத்தில் காகிதம் பார்க்கிறேன். ஒரு பொருள் கப்பலேற வேண்டுமென்றால் முதலில் அதற்குப் பெயர் வைக்க வேண்டும். வீட்டில் அகப்பை என்பார்கள். நான் எழுதினால் அது ‘தேங்காய் ஓட்டுக் கரண்டி, கைவேலைப்பாடு’ ஆகிவிடும். என் காகிதம் எதுவும் சுங்கத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. எங்கள் சபைப் போதகர்கூட அசன விருந்து நோட்டீஸை என்னிடம் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பார்.

குன்னத்துகால் பொன்னப்பனை விசாரித்திருப்பீர்கள். தேங்காய்ச் சிரட்டைக்கரி வியாபாரி. வெள்ளைச் சட்டை தவிர வேறு போடமாட்டார், அது ஒரு வீம்பு. சிரட்டையைச் சுட்டதும் கரி அடங்கிவிடாது, உள்ளே சூடு தங்கும். பதினான்கு நாள் காற்றாட ஆறப்போட வேண்டும். பிறகு சோதனைச் சான்று வாங்கி, தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று கப்பல்காரருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அப்போது கன்டெய்னர் பெட்டியைக் கண்ணில் படுகிற இடத்தில் தனியே வைப்பார்கள். எழுதாவிட்டால் மற்றவற்றோடு கப்பலின் அடித்தட்டுக்குப் போய்விடும்.

பொன்னப்பன் எங்களிடம் வந்த அன்று அந்தக் கரிக்கு வயது நான்கு நாள்.

“வெள்ளியாழ்ச்ச கப்பல விட்டா பார்ட்டி வேற ஆளுகிட்ட போயிருவான், சாறே. எப்படியாவது ஏத்தித் தரணும்.”

இந்த வாசலில் யாரும் என்னிடமிருந்து ‘முடியாது’ என்று கேட்டதில்லை. ஆனால் எனக்கு அடுத்த மேசை பிரசீதாவுடையது. அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பொன்னப்பனின் கோடவுனுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“சாக்குல கை வச்சுப் பாத்தேன் சாறே. சூடு உண்டு. ஆறாத கரியாக்கும். இத வேற பேருல நான் எழுதமாட்டேன்.”

“நீ எழுதண்டாம் மக்கா,” என்றேன்.

நான் அவள் பக்கம் என்று நினைத்துக்கொண்டாள் போலும். சிரித்துவிட்டு எனக்கும் சேர்த்துச் சாயா சொன்னாள்.

மறுநாள் மதியம் மகள் நந்தனாவின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று கிளம்பினாள். அவளுடைய பாஸ்வேர்டு அந்தக் குழந்தையின் பெயரும் பிறந்த வருஷமும். “இதுக்குப் பேசாம தொறந்தே போட்டிரலாமே” என்று நானே கேலி செய்திருக்கிறேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து ‘சிரட்டைக் கைவினைப் பொருட்கள்’ என்று அடித்தேன். முழுப் பொய் என்று சொல்லமுடியாது. சிரட்டைதான், கையால் செய்ததுதான்.

சூடு எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். பெட்டியில் ஏற்றும்போது நானும் போயிருந்தேன். பொன்னப்பன் கருக்கு இளநீர் வெட்டித் தந்தார். குடித்துவிட்டு ஒரு சாக்கின்மேல் உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

“எப்படி உண்டு சாறே?”

“நல்ல கரி,” என்றேன். நல்ல கரிதான்.

கப்பல் கிளம்பிய ஒன்பதாம் நாள் நடுக்கடலில் அடித்தட்டு பற்றியது. மூன்று பேர் போனார்கள். ஒருவன் நம்ம பூவார்க்காரன், ஜாய், கப்பலில் சமையல் வேலை. அவன் வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தேன். சவப்பெட்டிக்குள் வைக்க எதுவும் வந்துசேரவில்லை. அவன் அம்மா ஞானபாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம் பிள்ளைக்குத் தீன்னா சின்னதுலேயே பயமாக்கும்” என்றாள். சமையல்காரனுக்கு அது எப்படி என்று எனக்குத் தோன்றியது. கேட்கிற இடம் அது இல்லை என்று விட்டுவிட்டேன்.

பிரசீதாவை நீங்கள் கூட்டிக்கொண்டு போன அன்று, “நான் எழுதல்ல, சாறே. நீங்க ஒண்ணு சொல்லுங்க” என்று என்னைத்தான் பார்த்தாள். வேலைப் பளுவில் மறந்திருப்பாள் என்று உங்களிடம் சொன்னேன். அவளைக் குறைசொல்லிப் பேசவில்லை, கவனித்திருப்பீர்கள்.

என் கம்ப்யூட்டர் அன்றைக்குப் பழுதா என்கிறீர்களா? இல்லை சார், நன்றாகவே ஓடியது. நாளை ஏதாவது ஆனால் யார் பெயர் நிற்கும் என்று யோசித்துவிட்டுத்தான் எழுந்து அவள் மேசைக்குப் போனேன். வேலைக்கு வந்து நான்கு வருஷமே ஆனவளுக்கு ஒரு பிழை பெரிதில்லை, மன்னித்துவிடுவார்கள். இருபத்தேழு வருஷத்துக்காரனை யார் மன்னிப்பார்கள்? நீங்களும் ஓர் அலுவலகத்தில் இருப்பவர், உங்களுக்குப் புரியும்.

அந்த வரியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: அறிக்கையை நிரப்பியவன் ஞானசிகாமணி. கரி என்று தெரிந்து, ஆறவில்லை என்று தெரிந்து, பிரசீதாவின் பெயரில் நிரப்பினான்.

இனி அவளை விட்டுவிடுவீர்கள் அல்லவா? உள்ளே போய் நாற்பது நாளாகிறது. அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன் நான், ஆனாலும் எப்படி இருக்கிறீர்கள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டு அனுப்பவில்லை. பார்த்தால் சொல்லுங்கள் சார், எனக்கு அவள்மேல் வருத்தம் எதுவும் இல்லை.