6C வீட்டின் பின்கதவு

பெயர் ரொசால்பா டெடெஸ்கோ. வயது ஐம்பத்தாறு. தொழில் முடி வெட்டுதல், சாயம் போடுதல். படிப்பு ஒன்பதாம் வகுப்பு, அதுவும் பாதி. முகவரி: நியூயார்க், மன்ஹாட்டன், கிழக்கு எழுபத்தேழாம் தெரு, கதவிலக்கம் 6C. இதை எழுதும்போது அதிகாரி பேனாவை நிறுத்தி, அது உங்கள் வீடுதானா என்று கேட்டார். வழக்கே அதுதான், இப்போதைக்கு எழுதிக்கொள்ளுங்கள், கோடு போட்டு அடிப்பதைப் பிறகு பார்க்கலாம் என்று சொன்னேன்.

மேற்படி வீடு ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை கொண்டது. இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய கட்டடம் என்பதால் சுவர் கனம், கூரை உயரம். குளிர்காலத்தில் கணப்புக் குழாய் விடாமல் இருமும். இந்தக் கட்டடத்தில் வீட்டைத் தனியாக யாரும் வாங்க முடியாது. கட்டடம் மொத்தமும் ஒரு சங்கத்துக்குச் சொந்தம். சங்கத்தில் பங்கு இருந்தால் வீட்டில் இருக்கலாம். யாருக்குப் பங்கு மாறலாம் என்பதை ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு முடிவு செய்யும். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

6C-யின் பங்கு வால்டர் லிண்ட்குவிஸ்ட் பெயரில் இருந்தது. அவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அவருக்கு முடி வெட்டப் போன நான் பதினோரு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன். வெட்டுவதற்கு அவரிடம் அவ்வளவு முடி கிடையாது. நாங்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு பேருக்குமே முதல் தடவை பட்டது போதும் என்றிருந்தது. மனைவியாக இருந்தால் குழுவைக் கேட்காமலே பங்கு மாறும், மற்றவர்கள் நேர்காணலுக்கு உட்கார வேண்டும் என்பதை அவர் இறந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன்பு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு நாய் வளர்க்க நினைத்தபோது, நாயும் நேர்காணலுக்கு வர வேண்டும் என்று குழு சொல்லியது. நாயின் பெயர் பொல்பெத்தா. எங்கள் வீட்டில் இறைச்சி உருண்டையை அப்படித்தான் சொல்வோம், பார்த்தால் அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று புரியும். அதைக் குளிப்பாட்டிக் கீழே வாசல் கூடத்துக்குக் கூட்டிப் போனோம். குழுத் தலைவி திருமதி ஹேவர்ஸ்டாக் அங்கிருந்த அழைப்பு மணியை அடித்துப் பார்த்தார். அது குரைக்கவில்லை. அதன் பிறகு அவர் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டது. அன்றைக்கே அனுமதி கிடைத்தது.

மேற்படி திருமதி ஹேவர்ஸ்டாக் ஒன்பதாம் மாடியில் இருக்கிறார். நான் இந்தக் கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்து மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவருக்குத் தலைச்சாயம் போட்டு வந்திருக்கிறேன். அவர் வீட்டுச் சமையலறையில், பின்கதவு வழியாகப் போய்ச் செய்வேன். என்னை அவர் 'ரோஸ்' என்றே கூப்பிடுவார்.

இந்த வருடம் பிப்ரவரியில் வால்டர் இறந்தார். பங்கை எனக்கே எழுதி வைத்திருந்தார். ஏப்ரலில் என்னை நேர்காணலுக்கு அழைத்தார்கள். திருமதி ஹேவர்ஸ்டாக் வீட்டுக்கு முதல் தடவையாக முன்கதவு வழியாகப் போனேன். அங்கே அவர் என்னை 'மிஸ் டெடெஸ்கோ' என்றார். எங்கே படித்தேன் என்று கேட்டார்கள், சொன்னேன். அதன் பிறகு ஒருவர், "இந்தக் கட்டடத்துல உங்களைத் தெரிஞ்சவங்க, உங்களுக்காக நாலு வார்த்தை சொல்றவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். நான் தலைவியைக் காட்டி, "ஏன், அம்மாவே சொல்லுவாங்களே! அவங்க தலையோட நிஜ நிறம் அவங்களுக்கு அடுத்து எனக்குத்தான் தெரியும். இத்தனை வருசத்துல ஒருத்தர்கிட்ட மூச்சு விட்டிருப்பேனா?" என்றேன். நான் வாயடக்கமானவள் என்று காட்டத்தான் அப்படிச் சொன்னேன். நான்கு பேர் சிரித்தார்கள்.

ஒரு வாரத்தில் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பங்கை விற்றுவிட்டு ஜூன் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். என் படிப்பா, என் தொழிலா, அந்தச் சிரிப்பா, எது காரணம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் திருமதி ஹேவர்ஸ்டாக் தொலைபேசியில், "வியாழக்கிழமை வழக்கம்போல வந்துடுவே இல்லே, ரோஸ்?" என்று கேட்டார். நான் போகவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நாயை வீட்டில் விட்டுவிட்டு புரூக்ளினில் என் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மாலையில் திரும்பி வந்தால், கெடு முடியும் முன்பே 6C-யின் முன்கதவில் புதுப்பூட்டு. என் சாவி நுழையவில்லை. நாய் உள்ளே கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. கீழே போய் வாசல் காவலர் எஸ்தெபானிடம் கேட்டேன். "என் மேல கோவிச்சுக்காதீங்க, ரோசி. மேலிடத்து உத்தரவு. நான் புள்ளகுட்டிக்காரன்" என்றார். அவர் எனக்கு எந்த யோசனையும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

அதன் பிறகு நான் அடித்தளத்துக்குப் போய், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, வேலையாட்கள் போகும் படிக்கட்டில் ஆறாம் மாடிக்கு ஏறி, சமையலறைப் பின்கதவை என் பழைய சாவியால் திறந்தேன். திறந்தது. அந்தப் பூட்டை யாரும் மாற்றவில்லை. குழுவில் இருப்பவர்கள் ஆயுளில் ஒரு நாளாவது குப்பையைத் தாமே எடுத்துப் போய்ப் போட்டிருந்தால் அப்படி ஒரு கதவு இருப்பது ஞாபகம் வந்திருக்கும். பூட்டை உடைத்தேன் என்று புகாரில் இருப்பது பொய்.

உள்ளே போய் முன்கதவுக்குச் சங்கிலி போட்டேன், நாய்க்குச் சாப்பாடு வைத்தேன், வால்டரின் குளியல் அங்கியைப் போட்டுக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் திருமதி ஹேவர்ஸ்டாக் புதுச்சாவியோடு வந்து கதவைத் திறந்தார். சங்கிலி தடுத்தது. இடுக்கு வழியாகப் பேசினோம்.

"எப்படி உள்ளே வந்தே?"

"நீங்க என்னை எப்பவும் வரச்சொல்ற வழியாத்தான், அம்மா."

"உனக்கு இங்கே இருக்க அனுமதி இல்லை."

"அப்ப இந்த நாய்?"

அவர் கொஞ்சமும் சிரிக்காமல், "நாய்க்கு அனுமதி இருக்கு" என்றார்.

அதன் பிறகு அவர் போலீசை அழைத்தார். இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். நானே சங்கிலியை எடுத்து, காபி வேண்டுமா என்று கேட்டேன். கூடத்து விளக்கடியில் திருமதி ஹேவர்ஸ்டாக், ஜூனில் போய்விடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். நான் மறுத்தேன். இத்தனை வருடம் குடியிருந்தவளை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டி வெளியே நிறுத்துவது தவறு என்று அதிகாரி அவரிடம் சொன்னார். அது எனக்கும் அப்போதுதான் தெரியும். பூட்டை மாற்றியது பற்றி நான் புகார் கொடுக்கிறேன். நீதிமன்றம் போகச் சொல்லும்வரை 6C-யை விட்டுப் போக மாட்டேன். கடைசியில் போகத்தான் சொல்லும் என்று வால்டரின் உயிலை எழுதிய வக்கீல் சொல்கிறார். அன்றைக்கு நாயையும் கூட்டிக்கொண்டு முன்கதவு வழியாகப் போவேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். ஒன்று உண்டு. கூடத்து விளக்கடியில் திருமதி ஹேவர்ஸ்டாக் குனிந்து நாயைத் தடவியபோது அவர் வகிட்டில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது. முழு வெள்ளை. பதினோரு வருடம் நான் யாரிடமும் சொல்லாததை அரசாங்கக் காகிதத்தில் ஏற்றச் சொல்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். முகவரி உட்பட, முடியின் நிறம் உட்பட, எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ரொசால்பா டெடெஸ்கோ, 6C