பார்மட் அடிக்காத ஒரு கார்டைக் கேட்ட ஹெலன் அம்மையாருக்கு

சுழியமும் ஒன்றும் கொண்டு சுற்றுப்பட்டியெங்கும் தண்ணீர் சுரக்கச் செய்த சுடர்மதியே! செத்த பெட்டியையும் சீராட்டிச் சிமிட்ட வைத்த சீர்மிகு பொறியாளரே! இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் பெத்துராஜ் கண்ட்ரோல்ஸ் நிறுவனத்தில் வாங்கிய டீயை ஒருநாளும் சூடாகக் குடித்தறியாத எங்கள் ஹெலன் அக்காவே! வணக்கம்.

இனி அவையோரிடம் பேசுகிறோம். நேரே புகழ்ந்தால் அக்கா பாதியிலேயே "போதும், உக்காருங்க" என்றுவிடுவார்.

ஊர்த் தொட்டியை நிரப்ப மோட்டார் ஓடவேண்டிய நேரங்களை ஒரு மெமரி கார்டில் வைத்துக்கொண்டு, தானே ஓட்டித் தானே நிறுத்துவது எங்கள் பெட்டி. அதற்குள் இருக்கும் நிரல் முழுவதும் அக்கா கைப்பட எழுதியது. சென்ற கோடையில் பழைய பெட்டிகளைக் கழற்றி, வேறு வகை சிப் உள்ள புதிய பெட்டிகளை மாட்டினோம். நேரங்களை மறுபடி பதியச் சோம்பல்பட்டு, பழைய கார்டையே உருவிப் புதியதில் செருகச் சொன்னோம். நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் கோப்பெல்லாம் குழம்பி, ஒன்பது ஊரில் மோட்டார் நின்றது. அடிக்கிற வெயிலில் சனங்கள் காலிக் குடத்தோடு நின்றார்கள்.

பழி, கார்டுகளை மாற்றிய மாரிசெல்வத்தின் மேல் விழுந்தது. பத்து ஆண்டாக ஊர் ஊராய் அலைந்து பெட்டி மாட்டுகிறவர் அவர். "கரண்டை நிறுத்தாமலே கார்டை உருவியிருக்கான்" என்று வாய் கூசாமல் சொன்னது வேறு யாருமில்லை, நாங்கள்தான். ஒண்ணாந் தேதியிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி பெத்துராஜ் அண்ணாச்சியும் சொல்லிவிட்டார்.

கெட்ட கார்டு கைக்கு வந்தால் உடனே பார்மட் அடித்துத் தண்ணீரை ஓடவிடுவது எங்கள் வழக்கம். அப்படி எட்டு கார்டிலும் தடயத்தையும் சேர்த்தே துடைத்துவிட்டோம். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே மாரி, பனவடலிசத்திரத்துக் கார்டு ஒண்ணுதாம்ல மிச்சம். பார்மட் அடிக்காம அப்படியே கொண்டாலே மக்கா!"

அதன் நகலைப் பழைய பெட்டியிலும் புதிய பெட்டியிலும் மாற்றி மாற்றிப் போட்டு, மூன்று நாள் முட்டிமோதினார். பழைய சிப் ஓர் எண்ணின் பெரிய பகுதியை முதலில் எழுதுமாம். புதியதோ சிறிய பகுதியே முதலில் வரும் என்று படிக்குமாம். காலியிடம் எங்கே என்று பழைய பெட்டி குறித்த எண்ணை, பன்னிரண்டை இருபத்தொன்று என்பதுபோல் புதியது தலைகீழாய்ப் படித்து, மோட்டார் நேரங்களின் மேலேயே வேறு பதிவை எழுதித் தொலைத்திருந்தது. எந்த சிப்பானாலும் ஒரே வரிசையில் எழுது என்று சொல்லும் ஒரு வரி நிரலில் இல்லை. அதை எழுதாமல் விட்டவர் அக்காவேதான்.

அந்த வரியைச் சேர்த்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. அண்ணாச்சியே சொன்னார்: "சரி பண்ணியாச்சுல்லா, விடுங்கக்கா. ரிட்டையராகப் போற நேரத்துல எதுக்குப் பேரைக் கெடுத்துக்கிடுதீங்க?"

"என் பேரு கெடாம இருக்க, அவன் பேரு கெடணுமோ அண்ணாச்சி?"

அடுத்த பஸ்ஸில் மாரிசெல்வத்தைக் கூட்டிக்கொண்டு பனவடலிசத்திரம் போனார். மோட்டார் அறை வாசலில் கூடிநின்று ஏசியவர்கள் முன்னால், "இவன் மேல தப்பில்ல. நான் எழுதுனதுலதான் தப்பு. ஏசுததுன்னா என்னை ஏசுங்க" என்றார்.

அம்மையாரே! தாங்கள் எழுதிய ஆயிரமாயிரம் வரிகளை எண்ணி மகிழ்கிறோம். அன்று அந்த வாசலில் பேசியதை எண்ணியோ, உங்களோடு வேலை பார்த்தோம் என்று ஊரெல்லாம் சொல்லி நெஞ்சு நிமிர்த்துகிறோம். நோய் அண்டாமல், கண்ணொளி மங்காமல், சூடான டீயோடு நூறாண்டு வாழ்க!

இங்ஙனம்,
தங்கள் அன்பில் நனைந்த ஊழியர்கள்,
பெத்துராஜ் கண்ட்ரோல்ஸ், சங்கரன்கோவில்.

மடலை வாசித்தவர்: மாரிசெல்வம், வெளிப்பணிப் பிரிவு. இன்றும் பணியில்.