மூடியில் ஆணி கிடையாது

எங்கள் வீட்டில் காபியை அண்ணாந்துதான் குடிப்போம். டம்ளர் உதட்டில் படாது. இந்தக் கோப்பை இருக்கட்டும். உங்கள் விசாரணைக்கு வேண்டியதைக் கேளுங்கள், சொல்கிறேன்.

பொம்மசந்திராவில் எங்கள் சோதனைக்கூடத்தை ஆரம்பித்தவர் என் அப்பா ரங்கநாதன். கதிர்வீச்சுப் பொருள் ஏற்றிப் போகும் பெட்டிகளை மூன்று மாடி உயரத்திலிருந்து எஃகுத் தளத்தில் போட்டுப் பார்ப்போம். எந்தப் பக்கம் விழுந்தால் அதிகம் சேதமாகுமோ அந்தப் பக்கமாக விழ வேண்டும் என்பது விதி. எந்தப் பக்கம் விழும் என்பதை முடிவு செய்யும் கயிற்றைப் பெட்டிக்குக் கட்டுவது குடும்பத்தில் மூத்தவன். அது அப்பா வைத்த வழக்கம். வேறு யாரும் கை வைப்பதில்லை.

இந்தப் பெட்டியின் மூடி என் மகன் சுதீர் வடிவமைத்தது. நாங்கள் இருவர் மட்டும் இருந்து செய்த ஒத்திகையில், மூடியின் விளிம்பில் விழும்படி போட்டோம். மூடி திறந்துகொண்டது.

"வேற மாதிரி பண்ணித் தரேம்பா," என்றான்.

"ரங்கநாதன் பேரன் செஞ்சது பிளந்துக்கிச்சுன்னு நாலு பேர் பேசணுமா?"

சோதனையைப் பார்க்க அதிகாரிகள் வந்த அன்று அடிப்பாகம் கீழே வரும்படி கட்டினேன். ஸ்ரீவித்யா என்கிற இளம் அதிகாரி மட்டும், "விளிம்புல போட வேணாமா சார்?" என்று கேட்டாள்.

"போட்டுப் பாத்தாச்சும்மா. என் வார்த்தை போதாதா?"

போதுமாக இருந்தது.

போன மாதம் ஆனேக்கல் பக்கம், அந்தப் பெட்டியை ஏற்றிப் போன எங்கள் வண்டி கவிழ்ந்தது. ஓட்டுநர் உமேஷ், ஆஸ்டின் டவுன்காரன், எனக்குத்தான் முதலில் போன் செய்தான்.

"ஐயா, எனக்கு ஒண்ணும் ஆவல. பெட்டி மூடிதான் தொறந்துக்கிச்சு. அதோட ஆணி ஒண்ணு வெளிய விழுந்துச்சு. தொலைஞ்சா திட்டுவீங்கன்னு சட்டை ஜேபில போட்டுக்கினேன்."

எங்கள் மூடியில் ஆணி கிடையாது.

விழுந்தது உள்ளே இருந்த பொருள். தூக்கி எறிந்துவிட்டு ஓடு என்று சொல்லியிருக்கலாம். அவன் ஓடினால் கூட்டம் சேரும், அதிகாரிகள் வருவார்கள், மூடியைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

"நல்ல காரியம் பண்ணினே. யார்கிட்டயும் சொல்லாதே. ஜேபிலயே இருக்கட்டும், வரேன்," என்றேன்.

போய், வெகுதூரத்திலேயே நின்றேன். என் கையிலிருந்த கதிர்வீச்சு மானி அலறியது. அவன் சிரித்துக்கொண்டே என்னை நோக்கி வந்தான். யாருக்காகவும் பின்வாங்காதவன் நான். அன்று அவன் முன்னால் வர வர, பின்னால் போய்க்கொண்டே இருந்தேன்.

"இன்னாங்கய்யா, பேயப் பாத்த மாதிரி ஓடுறீங்க?"

அங்கிருந்தபடியே சொன்னேன், பெட்டிக்குள் போட்டு மூடச் சொல்லி. வெறும் விரலால் எடுத்துப் போட்டான். மூடியை அவனே இறுக்கினான்.

இப்போது ஜேபி இருந்த இடத்தில் அவன் நெஞ்சு வெந்து உரிகிறது. விரல்கள் கறுத்துவிட்டன. பேட்டரி அமிலம் பட்டிருக்கும் என்று மருத்துவர்களிடம் சொன்னது நான்தான். அவன் மனைவி வீணா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சுதீர்தான் உங்களிடம் வந்தான் என்று தெரியும். இளகின மனசு, அம்மா மாதிரி.

அந்த அலறல் என் காதை விட்டுப் போகவில்லை. விடிந்ததும் முதலில் என் விரல்களைப் பார்க்கிறேன். அண்ணாந்தால் காபி சிந்திவிடுகிறது; கதவைச் சாத்திக்கொண்டு டம்ளரில் வாய் வைத்துத்தான் குடிக்கிறேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: சோதனையில் எங்கள் பெட்டி உடையவில்லை.