நாலு பேப்பர் மிச்சம்

"அப்போ இனிமே நான் உங்களுக்கு ஒரு வருசம் சீனியர்!"

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம் இப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நாற்பதைத் தாண்டியவர். கையில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதம்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே தபால்ல எம்.ஏ. பொது நிர்வாகம் சேந்தோம்? ஒன்னைய மட்டும் எப்படி ரெண்டாம் வருசத்துல போட்டாக?"

"கல்யாணமான புதுசுல எம்.ஏ. வரலாறு பாதியில விட்டேன்ல? அதுல பாஸான நாலு பேப்பரை இதுல சேத்துக்கிட்டாக. திரும்ப எழுத வேண்டாமாம்."

"ஒன்னையப் பாத்து எழுதலாம்னுல்ல நான் சேந்தேன்!"

"நல்லா இருக்கே!" அவர் கடிதத்தை மறுபடி பிரித்து வாசித்தார். குரல் தணிந்தது. "மூத்தவனை வயித்துல வச்சுக்கிட்டு எழுதுன பரீட்சைங்க. அம்புட்டும் வீணாப் போச்சுன்னே நெனச்சிருந்தேன்."

கணவர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அவனும் உள்ள இருந்து எழுதினவன்தானே? இப்ப காலேஜுல நாலு அரியர் வச்சிருக்கான். அதையும் கழிச்சுக்கச் சொல்லி ஒரு கடுதாசி போடுவமா?"

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். நான் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.